தொங்கல் மலையில் குளவிக் கூடு: எரிப்பதா, விடுவதா?

மேட்டுலயம்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் இருந்து எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் காட்டை ஒட்டிய தொங்கல் மலையில் ஒரு பெரிய யூகலிப்டஸ் மரம் நிற்கிறது. அதன் கிளைக்கு அடியில் இப்போது ஒரு கூடு தொங்குகிறது. கறுப்பாக, அரைவட்டமாக, ஒரு பெரிய சுளகு அளவுக்கு இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் அதன்மேல் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு அலை ஓடுவது போல மினுங்குகிறது. வரும் வாரம் அந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும். அம்மாவும் சித்தியும் அங்கேதான் நிரை பிடிப்பார்கள், அதாவது செடி வரிசை பிரித்துக் கொழுந்து எடுப்பார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள பொடியன்கள் ராத்திரியில் பந்தம் கட்டி எரித்துவிடலாம் என்கிறார்கள். பார்க்கலாம் என்கிறது தோட்ட நிர்வாகம். எனக்கு எரிக்கவும் மனமில்லை, அம்மாவை அந்த மரத்தடிக்கு அனுப்பவும் மனமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கவ்வாத்துக்கத்தி

தம்பி, எரித்துவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எங்கள் பெரியம்மா குளவி கொட்டித்தான் செத்துப்போனார். மலையில் விழுந்தவரைப் படங்குத் துணியில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். வண்டி இல்லை. கொழுந்து லொறி வந்து, கொழுந்தை இறக்கி, அப்புறம் அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பேச்சு நின்றுவிட்டது. மலையகத்துச் செய்தி பார்க்கிற யாருக்கும் தெரியும், குளவி கொட்டி இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்று மாதம் தவறாமல் வரும். அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். இயற்கையைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். அதற்கு விலை கொடுப்பது மட்டும் எப்போதும் கூடை சுமக்கிறவள் என்பது எனக்குச் சம்மதமில்லை.

ஊவாக்காற்று

உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது. நான் பண்டாரவளைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் வகுப்பிலும் இப்படித் தாயை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் எல்லாவற்றையும் குளவி என்றே சொல்லிவிடுகிறோம். முதலில் அந்தக் கூட்டில் இருப்பது என்ன ஜாதி என்று தெரிய வேண்டும். மேட்டுலயம் தம்பி சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது பெரிய மலைத்தேனீ. ஒரே ஒரு அடை, மூடி கிடையாது, ஆயிரக்கணக்கான தேனீக்கள் அந்த அடையைப் போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு இருக்கும். அந்த அலை மினுக்கம்கூட அதன் பாதுகாப்புத்தான். வேட்டைக் குளவி கிட்டே வந்தால் வரிசையாக வயிற்றைத் தூக்கி ஆட்டி மிரட்டும். மற்றது உண்மையான குளவி. அதன் கூடு காகிதம் போன்ற உறையோடு பந்து போலிருக்கும், தாழ்வான இடத்திலும் கட்டும், சில வேளை தேயிலைச் செடிக்குள்ளேயே கட்டும். மலைத்தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலில் அறுந்து நின்றுவிடும், அந்தத் தேனீ செத்துப்போகும். குளவி ஒன்றே பல தடவை கொட்டும்.

இது ஏன் முக்கியம்? மலைத்தேனீ நிரந்தரமாக ஓர் இடத்தில் இருப்பதில்லை. பூக்கிற காலத்துக்கு ஏற்ப இடம் மாறும் ஜாதி. இலங்கையில் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே அவை போய் வருவதை ஆராய்ச்சியாளர்கள் 1980ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, அந்தக் கூடு ஒரு பருவம் இருந்துவிட்டு, பூ முடிந்ததும் தானாகக் காலியாகும். அடுத்த முறை அதே மரத்துக்குத் திரும்பி வரவும் செய்யும்.

எரித்தால் என்ன ஆகும்? ராத்திரி என்றாலும் எல்லாம் சாகாது. தப்பியவை கலைந்து பக்கத்து மரங்களில் ஒட்டிக்கொண்டு இருக்கும். காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள்மேல்தான் அத்தனை கோபமும் விழும். அதோடு மரத்தில் ஏறுகிற பையன் இருட்டில் கொட்டு வாங்கிக் கீழே விழுவான். அப்புறம் வறட்சிக் காலமாக இருந்தால் நெருப்பு. ஊவாவில் மானாப் புல் எப்படிப் பற்றும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பந்தம் கை தவறினால் ஒரு மலையே கருகும்.

பீலிக்கரை

டீச்சர் சொல்வது சரி. நான் படித்தவள் இல்லை, என் மகள்தான் இதை எழுதித் தருகிறாள். விவரம் தெரிந்த நாளில் இருந்து கொழுந்துதான் எடுக்கிறேன். மலைக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

குளவி வருவதற்கு முன்னால் சத்தம் வரும். கூடு அமைதியாக இருக்கும்போது ஒரு சத்தம், கலைந்தால் வேறு சத்தம். பழகிய காதுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் காற்று அடிக்கிற நாளில் ஒன்றும் கேட்காது. கலைக்கிறது நாங்கள் இல்லை. அநேகமாகப் பருந்துதான். தேனடையைத் தின்ன வந்து காலால் இடித்துவிட்டு அது பறந்துவிடும். கீழே நிற்கிற எங்கள்மேல் இறங்கும். கிளை முறிந்து விழுந்தாலும் அப்படித்தான்.

கொட்டு விழுந்ததும் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட வேண்டும். அங்கேதான் பிரச்சினை. கூடைப் பட்டி தலையில், இடுப்பில் படங்கு இறுக்கிக் கட்டியிருக்கும், கீழே சரிவு, செடிக்கு நடுவே புல் மண்டித் தண்ணீர் ஓடும் கான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கானில் விழுந்து கால் ஒடிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விழுந்தவர்மேல்தான் அத்தனையும் மொய்க்கும். முன்னெல்லாம் புல்லு வெட்ட ஆள் இருந்தது, கான் துப்புரவாக இருந்தது, ஓடுவதற்கு வழி தெரிந்தது.

இன்னொன்று. கூடு இருக்கிறது என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எந்த மரத்தில், எந்தப் பாறையில் என்று கொழுந்து எடுக்கிற பொம்பளைகளிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சொன்னாலும் அந்த நிரையை விட்டுவிட்டு வரமுடியாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். அரைப்பேருக்குப் பயந்துதான் மரத்தடிக்குப் போகிறோம். குளவி என்னவோ மேலே அதுபாட்டுக்கு இருக்கிறது.

ரயில்பாதை

பீலிக்கரை அக்கா சொன்ன கடைசி விசயத்தை எல்லாரும் நின்று வாசிக்க வேண்டும்.

தவறணை

நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தலவாக்கலை, நானுஓயா, மஸ்கெலியா என்று பல இடம் பார்த்தாயிற்று. இந்தப் பேச்சில் குளவி ஒரு எதிரியாகவே வருவதால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேயிலையில் இலையைச் சுருட்டி நூலால் ஒட்டவைத்து உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு உண்டு. ஒரு காலத்தில் அது இலங்கைத் தேயிலையை ஆட்டிப்படைத்தது. கூலிக்குச் சிறுவர்களை வைத்து முட்டை பொறுக்கியும் அடங்கவில்லை. 1935–36இல் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். மனிதரைக் கொட்டாது, பார்த்தால் கொசு மாதிரி இருக்கும். அது அந்தப் புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். சில வருடங்களில் புழு அடங்கிப்போனது. மருந்து இல்லை, ஆள்கூலி இல்லை. உலகத்தில் பூச்சியைப் பூச்சியால் அடக்கியதற்கு நல்ல உதாரணம் என்று இன்றும் சொல்வார்கள். அது நடந்தது நம் மலைகளில்.

அப்புறம் 1950களில் தண்டைத் துளைக்கிற வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது. கூடவே அந்தச் சின்னக் குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மறுபடி தலைதூக்கிவிட்டது. ஒன்றை அழிக்கப் போய் இன்னொன்றைக் கூப்பிட்ட கதை. இதைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தபோது நான் சின்னப் பையன். இன்றுவரை மருந்து அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்திருக்கிறது.

இதற்கும் முன்னால் கோப்பி. ஒரே பயிரை மலை மலையாக நட்டார்கள். 1869இல் மடுல்சீமையில் இலையில் துரு மாதிரி ஒரு நோய் தெரிந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்விட்டது. காட்டை வெட்டியது நம் ஆட்கள், மன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்து வந்து வழியிலேயே செத்தவர்கள் போக மிச்சம் இருந்த கைகள். எதை எங்கே நடுவது என்று முடிவு செய்தது அந்தக் கைகள் இல்லை. ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக்கூடாது என்று 1873இல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் சொன்னதால்தான் ஹோர்ட்டன் சமவெளி மிஞ்சியது. அங்கேயிருந்துதான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் வருகிறது.

இப்போது உங்கள் யூகலிப்டசுக்கு வருகிறேன். அது ஆஸ்திரேலியா மரம். தொழிற்சாலையில் தேயிலை காய வைக்க விறகு வேண்டும், அதற்காக நட்டது. வேகமாக உயரும், நிறையப் பூக்கும். உயரமும் தேனும் ஒரே இடத்தில் கிடைத்தால் மலைத்தேனீ அங்கே வராமல் எங்கே போகும்? குளவி தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்று பேசுகிறோம். அதன் பெரிய காட்டு மரங்களை எடுத்துவிட்டு, தேயிலைக்கு நடுவில் ஒற்றை உயரமாக ஒரு மரத்தை நட்டுக் கொடுத்தது தோட்டம்தான்.

கவ்வாத்துக்கத்தி

தவறணை ஐயா, நல்ல கதை, எனக்குத் தெரியாதது. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் கேள்வியும் இருக்கிறது. சின்னக் குளவி புழுவைத் தின்றதால் யாருக்கு இலாபம்? தோட்டத்துக்கு. யூகலிப்டஸ் விறகால் யாருக்கு இலாபம்? தோட்டத்துக்கு. புல்லு வெட்ட ஆளைக் குறைத்ததால் மிச்சம் யாருக்கு? அதுவும் தோட்டத்துக்கு. கொட்டு மட்டும் பீலிக்கரை அக்காவுக்கு. காட்டோடு சேர்ந்து வாழ்வதற்கு ஒரு செலவு உண்டென்றால் அந்தச் செலவைத் தோட்டக் கணக்கில் எழுதட்டும். கூடு இருக்கிற மலைக்கு அன்றைக்குப் போகாவிட்டாலும் முழுப்பேர், முழுநாள் சம்பளம். மலைக்குப் பக்கத்தில் ஒரு வண்டி. இது இரண்டும் கிடைத்தால் நான் ஏன் எரிக்கச் சொல்லப்போகிறேன்?

பீலிக்கரை

தம்பி நல்ல கேள்வி கேட்டது. முழுப்பேர் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கூட்டை நானே காவல் காப்பேன்.

தவறணை

நியாயம். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் சில தோட்டங்களில் அப்படி நடந்திருக்கிறது, எழுதிவைத்த விதியாக இல்லை, கணக்கப்பிள்ளையின் மனதைப் பொறுத்து. கூடுள்ள மரத்தைச் சுற்றி ஒரு துண்டை விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொல்வோம். விட்ட துண்டில் கொழுந்து முற்றிப்போகும், அவ்வளவுதான் நட்டம். கூடு காலியானதும் முற்றியதை வெட்டிவிட்டால் செடி மறுபடி துளிர்க்கும். ஓர் உயிருக்கு முன்னால் அது ஒரு நட்டமே இல்லை.

புல் பற்றி அக்கா சொன்னதற்கும் ஒன்று சொல்கிறேன். 2015இல் கிளைபோசேட் என்ற புல்மருந்தைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கு மறுபடி விட்டார்கள். அந்த இடைக்காலத்தில் கையால் புல்லு வெட்டப் போதுமான ஆளை எடுத்திருந்தால் மலை சுத்தமாக இருந்திருக்கும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் நல்லதாக இருந்திருக்கும். பல இடங்களில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. மலை காடானது. பாம்பும் அட்டையும் குளவியும் கூடின.

ரயில்பாதை

காடாகிப்போன மலை என்றதும் சிறுத்தை நினைவு வருகிறது. நான் ஹட்டன் பக்கம், இப்போது கொழும்பில் வேலை.

2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கறுஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது ஞாபகம் இருக்கும். இலங்கையில் மிக அபூர்வமான ஒன்று. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் இறந்துவிட்டது. அந்தக் கம்பியை யாரும் சிறுத்தைக்கென்று கட்டவில்லை. மலையகத்தில் இப்படிக் கம்பி கட்டுவது காட்டுப்பன்றிக்கு. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை, வண்டுக்கு அடித்ததில் தவறணை ஐயா சொன்ன குளவி. இரண்டும் ஒரே கணக்கு.

சிறுத்தையைக் கொன்றால் பன்றி கூடும் என்பதும் இதில் சேர்த்தி. மலைநாட்டுக் காட்டில் பன்றியை அடிக்கக்கூடிய பெரிய மிருகம் அது ஒன்றுதான்.

பீலிக்கரை

பன்றியைப் பற்றி நானும் பேசவேண்டும். லயத்துக்குப் பின்னால் போட்ட கிழங்கை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். உரம், விதை, கடன் எல்லாம் அதோடு போச்சு. கம்பி கட்டுகிறவன் கெட்டவன் இல்லை, வேறு வழி தெரியாதவன். நாங்கள் தகரமும் பழைய படங்கும் கட்டி, ஆள் மாற்றி ஆள் முழித்திருந்து பார்க்கிறோம். முழுக்கத் தடுக்க முடியாது. கம்பியில் ஒரு தடவை எங்கள் மாடு மாட்டிக் கால் போனது, அதில் இருந்து எங்கள் லயத்தில் யாரும் கட்டுவதில்லை.

ஊவாக்காற்று

சிறுத்தைக்குத் தனியாக ஓர் இழை திறப்போம், பேச நிறைய இருக்கிறது. மேட்டுலயம் தம்பிக்கு நாள் நெருங்குகிறது.

தம்பி, அம்மாவுக்கும் சித்திக்கும் இதைச் சொல்லுங்கள். தேனீ முதலில் கொட்டியதும் அந்த இடத்தில் ஒரு வாடை விடும், பழுத்த வாழைப்பழ வாடை போலிருக்கும். அந்த வாடைதான் மற்றவற்றைக் கூப்பிடும். அதனால் நின்று தட்டக்கூடாது, கையை வீசக்கூடாது. முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓட வேண்டும், வீடோ வண்டியோ கிடைத்தால் உள்ளே போய்க் கதவை மூட வேண்டும். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கொடுக்கை உடனே எடுக்க வேண்டும். எடுக்கும் விதத்தைவிட வேகம் முக்கியம், ஏனென்றால் அறுந்து நிற்கிற விசப்பை இன்னும் விசத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு, மண் எதுவும் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம்.

மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், தலைசுற்று, உடம்பெல்லாம் தடிப்பு, இதில் எது வந்தாலும் நிமிடக் கணக்குத்தான். ஆஸ்பத்திரியில் உடனே அட்ரினலின் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். நிறையக் கொட்டு வாங்கியவர் அன்றைக்கு நன்றாக இருந்தாலும் விடக்கூடாது. சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போனால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். முன்பு ஒரு தடவை ஒரு கொட்டுக்கே உடம்பு வீங்கியவர் இருந்தால் அவரை அந்த மலைக்கே அனுப்ப வேண்டாம்.

தேயிலைக்குத் தேனீ தேவையா என்று ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டது. கொழுந்துக்குத் தேவையில்லை. இலையைத்தானே எடுக்கிறோம், நாற்றும் தண்டில் இருந்து வருகிறது. ஆனால் லயத்துத் தோட்டத்துப் பூசணிக்கும் பட்டர்புரூட்டுக்கும் தேவை. காட்டு மரங்களுக்குத் தேவை. அந்தக் காடு இல்லாவிட்டால் பீலியில் தண்ணீர் இல்லை.

மேட்டுலயம்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். பொடியன்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நெருப்புக் கதையும், தப்பிய தேனீ காலையில் நம் அம்மாக்கள்மேல்தான் விழும் என்பதும்தான் அவர்களை நிறுத்தியது. அப்புறம் கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பேசினார்கள். அம்மாதான் முன்னால் நின்று பேசினார். எந்தெந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று அவர்களே சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது, இரண்டு கூடு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற பாதையிலேயே.

தொங்கல் மலையில் மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி விட்டுவிட்டார்கள். அந்த நிரைக்காரர்களுக்கு வேறு மலையில் இடம் கொடுத்தார்கள், முழுப்பேர் போட்டார்கள். ஆனால் இந்தச் சுற்றுக்கு மட்டும்தான் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. வண்டி விசயத்திலும் பதில் இல்லை. கவ்வாத்துக்கத்தி அண்ணா, அதை விடமாட்டோம்.

ஒரு கேள்வி மிச்சம். கூடு காலியானதும் அந்த யூகலிப்டசை வெட்டிவிடலாம் என்று தோட்டத்தில் பேச்சு வருகிறது. வெட்டச் சொல்லலாமா?

தவறணை

வெட்டச் சொல்வதற்கு முன்னால் சுற்றிப் பாருங்கள். அந்த மரம் போனால் தேனீ வராமல் இருந்துவிடாது, அடுத்த உயரமான மரத்துக்கு மாறும். அந்த அடுத்த மரம் காட்டு ஓரத்தில் இருந்தால் வெட்டலாம், நல்லதுதான். லயத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில் இருந்தால் இதைத் தொடவேண்டாம். வெட்டுகிறார்கள் என்றால் அதற்குப் பதில் காட்டுப் பக்கமாக நாட்டு மரக்கன்று நடும்படி அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். எந்த மரம் என்று பீலிக்கரை அக்கா மாதிரி உங்கள் மலையில் இருக்கிறவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.